இனி எனக்கு எதுக்கு ஊசி?

கொரோனாவால் உயிர் போகும் ஆபத்து வயதோடு சேர்ந்து மடங்கு மடங்காக ஏறியது. தடுப்பூசி வருவதற்கு முன், தொற்றியவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைப் பணக்கார நாடுகளின் தரவுகளிலிருந்து 2020இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 25 வயதில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர். 65 வயதில் ஆயிரம் பேருக்கு 14. 75 வயதில் ஆயிரத்துக்கு 46. 85 வயதில் நூற்றுக்கு 15. இந்தியாவில் அந்த ஆண்டு அக்டோபர் வாக்கில், கொரோனாவுக்குப் பலியானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். மக்கள்தொகையில் அவர்களின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான்.

கன்னியாகுமரி மாவட்டம் இந்தக் கணக்கை ஒரு தெரிந்த முகத்தின் வழியாக அறிந்தது. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவரும் தொகுதியின் மக்களவை உறுப்பினருமான எச்.வசந்தகுமார், 2020 ஆகஸ்ட் 28 அன்று சென்னையில் கொரோனாவுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில் காலமானார். வயது 70. அப்போது அவருக்குப் போடுவதற்கு இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இல்லை. அவரது இடத்துக்கான இடைத்தேர்தல் 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலோடு சேர்ந்து நடந்தபோது, தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைத்தது. வாக்களிக்க வரிசையில் நின்ற முதியவர்கள் பலர் அதை இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த இடைவெளிக்கு அறியாமை என்று பெயர் வைப்பது எளிது. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்தில் முதலிடம். நெய்யூரில் 1838இல் மருத்துவப் பணி தொடங்கிய மிஷன் மருத்துவமனை முதல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை, நவீன மருத்துவம் இங்கே தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிறது. ஊசி என்றால் என்னவென்று தெரியாத ஊர் அல்ல இது. முதியவர்கள் தயங்கியதற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றில் பல நியாயமானவை.

சோதனையில் முதியவர்கள் எத்தனை பேர்?

இந்தியாவில் தடுப்பூசிப் பணி 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களிடமிருந்து தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயது நிறைந்த எல்லோருக்கும், 45 முதல் 59 வயதுக்குள் இணைநோய் உள்ளவர்களுக்கும் வழி திறந்தது. இருந்தவை இரண்டு ஊசிகள்: ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் உருவாக்கிப் புனே சீரம் நிறுவனம் தயாரித்த கோவிஷீல்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து ஹைதராபாத் பாரத் பயோடெக் தயாரித்த கோவாக்சின்.

புதிய மருந்தைப் பார்த்து ஒரு முதியவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதை என் வயதுக்காரர்களிடம் சோதித்தார்களா?’ என்பதுதான். 2021இன் தொடக்கத்தில் அதற்குக் கிடைத்த பதில் அரைகுறையானது. ஆக்ஸ்போர்டு ஊசியின் சோதனையில் முதியவர்கள் பிந்தித்தான் சேர்க்கப்பட்டார்கள். முதல் முடிவுகள் வெளிவந்தபோது அவர்களைப் பற்றித் தீர்த்துச் சொல்லப் போதுமான தரவு இல்லை. அதனால் ஜெர்மனி ஜனவரி இறுதியில் அந்த ஊசியை 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் பரிந்துரைத்தது. மற்ற சில ஐரோப்பிய நாடுகளும் அதே வழியில் போயின. பிப்ரவரி இறுதியில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த கணக்கு நிலைமையை மாற்றியது. முதல் டோஸ் போட்ட நான்கு வாரத்தில், 80 வயதைக் கடந்தவர்களிடமும் மருத்துவமனைச் சேர்க்கை ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. மார்ச்சில் ஜெர்மனி தன் வரம்பை நீக்கியது.

கோவாக்சினின் கதை வேறு. மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வெளிவரும் முன்பே, ஜனவரி 3 அன்று அதற்கு அவசரகால அனுமதி தரப்பட்டது. ‘மருத்துவச் சோதனை முறையில்’ என்ற நிபந்தனை கூடவே வந்ததால், ஊசிக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. சொத்துப் பத்திரத்திலும் அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் மட்டும் கையெழுத்திட்டுப் பழகியவருக்கு, ஓர் ஊசிக்காக நீட்டப்பட்ட காகிதம் கலக்கத்தைத் தந்தது இயல்பே. இடைக்கால முடிவு மார்ச் 3 அன்று வந்தது. படிவமும் அந்த மாதத்திலேயே கைவிடப்பட்டது. முழு முடிவில் ஊசியின் பாதுகாப்புத் திறன் 77.8 சதவீதம் என்று தெரிந்தது.

இதைவிடப் பெரிய குழப்பம் மாத்திரைகளால் வந்தது. இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் கோவாக்சின் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று, ஜனவரியில் வெளியான நிறுவனத்தின் தகவல் தாளே சொன்னது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்து தேறியவர் எனப் பல முதியவர்களின் மாத்திரை டப்பாவில் அத்தகைய மருந்து ஏதாவது ஒன்று இருக்கும். ஆஸ்பிரின் போன்றவற்றால் தடையில்லை என்ற விளக்கம் பின்னால் வந்தது. முதலில் காதில் விழுந்த ‘வேண்டாம்’ பலரிடம் கடைசி வரை தங்கிவிட்டது.

ஊசியால் தீங்கே இல்லை என்று சொல்வதும் உண்மையாகாது. மார்ச் 8 அன்று ஊசி போட்டுக்கொண்ட 68 வயது ஆண் ஒருவர் கடும் ஒவ்வாமையால் இறந்ததை, தடுப்பூசிப் பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு ஜூன் மாதம் உறுதிசெய்தது. ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைத்ததன் காரணம் இதுதான்: இப்படிப்பட்ட ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும், உடனே மருந்து கொடுத்தால் காப்பாற்றலாம். இரத்த உறைவு பற்றி ஐரோப்பாவில் எழுந்த அச்சத்தை இந்தியக் குழுவும் ஆராய்ந்தது. பத்து லட்சம் டோஸ் கோவிஷீல்டுக்கு 0.61 பேர் என்பது மே மாதம் அது வெளியிட்ட கணக்கு. அந்தப் பக்கவிளைவு இளம் வயதினரிடம்தான் கூடுதலாகக் காணப்பட்டது. பல நாடுகள் இந்த ஊசியைப் பிற்பாடு முதியவர்களுக்கென்றே ஒதுக்கியதற்கும் அதுவே காரணம். 75 வயதில் தொற்றியவர்களில் ஆயிரத்துக்கு 46 பேரைக் கொண்டுபோகும் நோய் ஒரு தட்டில். பத்து லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவான ஆபத்து மறு தட்டில். இந்தத் தராசை யாராவது எதிரே உட்கார்ந்து பொறுமையாக விளக்கியிருந்தால் பாதித் தயக்கம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

அம்மை குத்திய கை

இந்த மாவட்டத்தின் நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை பழைய திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்த மண். பெரியம்மைத் தடுப்பூசி அந்த சமஸ்தானத்துக்கு 1813இல் வந்தபோது ஆட்சியில் இருந்தவர் ராணி கௌரி லட்சுமிபாய். ஜனங்களின் பயம் தெளிவதற்காக அரச குடும்பத்தினர் முதலில் போட்டுக்கொண்டார்கள். 1879இல் அரசு ஊழியர், மாணவர், சிறைக் கைதி ஆகியோருக்கு ஊசியைக் கட்டாயமாக்கி அரச விளம்பரம் வந்தது. கச்சேரி, பள்ளி, சிறை என அரசின் கை எட்டிய இடங்கள்தான் அந்தப் பட்டியலில் இருந்தன. வீட்டோடு இருந்த முதியவர் அதற்குள் வரவில்லை.

2021இல் 60 வயதைக் கடந்திருந்தவர்கள் பெரியம்மையின் கடைசிக் காலத்தைப் பார்த்தவர்கள். இந்தியாவின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1975 மே மாதம். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகியதும், மண்டைக்காட்டம்மனுக்கு நேர்ந்துகொண்டதும், பள்ளிக்கூடத்து வரிசையில் அம்மை குத்தியதும் ஒரே தலைமுறையின் நினைவுகள். சட்டைக் கையைச் சுருட்டினால், சுருங்கிய தோலுக்கு நடுவே வட்டமான அந்தத் தழும்பு இன்றும் தெரியும். கொரோனா ஊசி போட வந்த செவிலியர் பஞ்சால் துடைத்த கையிலேயே பழைய ஊசி வென்றதற்கான அடையாளம் இருந்தது.

இந்தத் தலைமுறை ஊசிக்கு எதிரானதல்ல. 1995 முதல் போலியோ சொட்டு மருந்து நாள்களில் பேரப்பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவர்கள் இவர்கள்தான். ஆனால் அதுவரை இவர்கள் கண்ட தடுப்பூசி பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரியது. வயதான உடம்புக்கென்று அரசு ஓர் ஊசியைக் கொண்டுவந்து நீட்டியது அநேகமாக அதுவே முதல்முறை. தயக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊசியைப் பற்றி நடந்த பேச்சுகள் இதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கேள்வி கேட்ட முதியவர்களில் இந்த மாநிலத்தின் மிகப் பெரிய பெயர் ராஜாஜியுடையது. 1955இல், 76 வயதில், நாடெங்கும் நடந்த பிசிஜி ஊசி இயக்கத்தை எதிர்த்துத் தனி வெளியீடே எழுதினார். பலன் நிரூபிக்கப்படாத ஒன்றை எல்லோருக்கும் போடலாமா என்பது அவருடைய வாதம். இயக்கம் நிற்கவில்லை. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 2,60,000 பேரைக் கொண்டு பெரும் சோதனை தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று 1979இல் முடிவு வந்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளை அது தடுக்கும் என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். ராஜாஜியின் அச்சங்கள் பலவும் மிகையானவை. ‘சோதித்துச் சொல்லுங்கள்’ என்ற கோரிக்கை மட்டும் சரியானது. அதற்குப் பதில் அளித்ததும் அறிவியலே. 2020 ஜூலையில், அதே பிசிஜி முதியவர்களைக் கொரோனாவிலிருந்து காக்குமா என்று பார்க்கும் சோதனையைச் சென்னை சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் கையில் எடுத்தது. 60 வயதைக் கடந்தவர்கள் தாங்களாகவே முன்வந்து அதற்குக் கை நீட்டினார்கள்.

திண்ணையில் நடந்த கணக்கு

‘வயசாயாச்சு, இனி எனக்கு எதுக்கு மக்களே, பிள்ளைகளுக்குப் போடுங்க’ என்பது குமரி மாவட்டத்து வீடுகளில் பழக்கமான பேச்சு. கேட்பவருக்கு அது விரக்திபோலத் தோன்றும். உள்ளே ஒரு கணக்கு இருந்தது. ஊசிக்குப் பிறகு ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்க, தனியாக வாழும் பாட்டிக்கு அந்த இரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுப்பது யார்? முந்திரி ஆலைக்குப் போகும் 62 வயதுப் பெண்ணுக்கு இரண்டு நாள் கூலியை யார் தருவது? நோயோ எங்கோ இருந்தது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதற்கும் அன்றாடத் தொற்று ஐந்நூறை ஒட்டித்தான். கண்ணுக்குத் தெரியாத நோய்க்காக நிச்சயமாக வரப்போகும் காய்ச்சலை ஏன் வாங்க வேண்டும் என்று நினைத்தவரை மூடர் என்று சொல்ல முடியாது. கபசுரக் குடிநீர் வீட்டுக்கே வந்தது. அதைக் குடித்தால் காய்ச்சல் வருவதில்லை.

வெளியே போகாதவருக்கு நோய் வராது என்ற நம்பிக்கையும் உறுதியாக இருந்தது. இந்த மாவட்டத்தில் அது குறிப்பாகத் தவறானது. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் நெருங்கி வாழும் நிலம். களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கு அன்றாடம் போய்வருபவர்கள், மீன் விற்கப் போகிறவர்கள், ரப்பர் வெட்டப் போகிறவர்கள் என வீட்டுக்கு ஒருவராவது ஊர் சுற்றும் பிழைப்பில் இருப்பார். நோய் அவர்களோடு வீட்டுக்குள் வந்து, கட்டிலில் இருப்பவரைக் கண்டுபிடித்தது.

இப்படி ஊசலாடிய மனங்கள் மீது ஏப்ரல் 17 அன்று ஒரு பேரிடி விழுந்தது. நடிகர் விவேக், மற்றவர்களுக்கு முன்மாதிரியாக, ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார். அதற்கடுத்த நாள் அதிகாலையில் இறந்தார். வயது 59. இதயத்தின் முக்கியத் தமனி ஒன்றில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். தேசியக் குழுவும் விசாரித்து, அக்டோபரில் அதையே உறுதிசெய்தது. ஆறு மாதம் கழித்து வந்த உறுதியால் ஏப்ரலில் திரும்பிப் போனவரை அழைத்துவர முடியவில்லை. தமிழ்நாட்டில் மாரடைப்பு தினமும் பல உயிர்களைக் கொண்டுபோகிறது. லட்சக்கணக்கான மூத்தோர் ஊசி போடும்போது, சிலருக்கு அது ஊசிக்கு மறுநாள் நேர்வது கணக்கின்படி எதிர்பார்க்க வேண்டியது. இதை மார்ச் மாதமே, இந்தச் சாவு நேர்வதற்கு முன், எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பத்து பேருக்கு ஒரு குப்பி

மனம் மாறி வந்தவர்களும் எல்லோரும் ஊசியோடு திரும்பவில்லை. கோவிஷீல்டு குப்பியில் பத்து டோஸ். ஒருமுறை திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். மிச்சம் குப்பைக்குப் போகும். தொடக்க மாதங்களில் தமிழ்நாட்டின் விரயம் நாட்டிலேயே அதிகம் என்று கணக்கு வந்தபின், செவிலியர்கள் பத்துப் பேர் சேரும் வரை குப்பியைத் திறக்கத் தயங்கினார்கள். ஆட்டோ பிடித்துக் காலையில் வந்த நான்கு முதியவர்கள் இன்னும் ஆறு பேருக்காகக் காத்திருப்பார்கள். மதியம் சர்க்கரை இறங்கிவிடும், சாப்பிடப் போக வேண்டும். வீட்டுக்குப் போன முதியவர் மறுநாளும் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. பதிவுக்குக் கைபேசி வேண்டும், அதில் வரும் எண்ணைச் சொல்ல வேண்டும். கைபேசி பேரனிடம் இருக்கும். பேரன் திருவனந்தபுரத்தில் வேலையில் இருப்பான்.

பிறகு இரண்டாம் அலை வந்தது. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. தயங்கியவர்கள் விழுந்தடித்து வந்தபோது கையிருப்பு இல்லை. மே இறுதியில் யாஸ் புயலோடு வந்த மழை குமரியின் தாழ்வான ஊர்களை வெள்ளத்தில் நிறுத்தியது. 18 வயது நிறைந்தவர்களுக்கும் வழி திறந்திருந்ததால், விடியற்காலை வரிசையில் நிற்க முடிந்த இளைஞர்களோடு முதியவர்கள் போட்டியிட வேண்டியதாயிற்று. ஆயிரம் முதியவர்களுக்கு எத்தனை டோஸ் என்ற கணக்கில் ஜூலையில் தமிழ்நாடு பெரிய மாநிலங்களின் கடைசி வரிசையில் நின்றது. பொது சுகாதாரத்துக்குப் பேர் போன மாநிலத்துக்கு இது தலைகுனிவு.

ஊசி ஊரைத் தேடியும் வீட்டைத் தேடியும் போனபோதுதான் நிலைமை திருந்தியது. செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில், மாநிலம் முழுவதும் 40,000 இடங்களில், 28 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒரே நாளில் ஊசி போடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுபவர்களும் மது அருந்துபவர்களும் ஊசியைத் தவிர்க்கிறார்கள் என்று தெரிந்ததும், அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மக்களின் வழக்கத்தைக் கேலி செய்யாமல் அதற்கேற்ப நாளை மாற்றிய அந்த முடிவு, நூறு விழிப்புணர்வுச் சுவரொட்டிகளைவிட மேலானது. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே போட மத்திய அரசு செப்டம்பர் இறுதியில் அனுமதி தந்தது. கிராமச் சுகாதாரச் செவிலியருக்கு எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது தெரியும். முதியவருக்கும் அவரைத் தெரியும். பிள்ளைகளுக்கு ஊசி போட்ட அதே கை என்பதால், தொலைக்காட்சி சொல்லி நம்பாததை அவர் சொல்லி நம்பினார்கள்.

கடும் தளர்ச்சியில் இருப்பவர்களின் நிலை மட்டும் வேறு. நார்வேயில் முதியோர் இல்லங்களில் ஊசிக்குப் பின் நேர்ந்த முதல் 100 மரணங்களை நிபுணர்கள் ஆராய்ந்தபோது, அவற்றில் பத்து மரணங்களில் ஊசியின் பக்கவிளைவு முடிவை விரைவுபடுத்தியிருக்க வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். வாழ்வின் இறுதி நாள்களில் இருப்பவருக்கு ஊசி வேண்டுமா என்பதை மருத்துவரும் குடும்பமும் கூடி முடிவெடுக்க வேண்டும். மற்ற முதியவர்களுக்கு இது சாக்காகாது.

ஊசியின் பலன் தமிழ்நாட்டிலேயே அளக்கப்பட்டது. 1,17,524 காவலர்களைக் கொண்டு தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் செய்த ஆய்வில், இரண்டு டோஸ் போட்டவர்களிடம் மரணம் 95 சதவீதம் குறைந்திருந்தது. காவலர்கள் இளையவர்கள், உடல் வலுவுள்ளவர்கள் என்று யாராவது சொன்னால், அதற்குப் பதில் ஹாங்காங்கில் இருக்கிறது. இரண்டு ஆண்டு நோயை வாசலிலேயே நிறுத்திய நகரம் அது. நோய்தான் இல்லையே என்று அங்குள்ள மூத்தோர் பலர் ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். 2022 ஜனவரியில் ஓமிக்ரான் நுழைந்தது. மார்ச் 21 வரை இறந்த 5,906 பேரில் 96 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் ஒரு டோஸ்கூடப் போடாதவர்கள். ‘நமக்கு வராது’ என்று நாஞ்சில் நாட்டுத் திண்ணையில் போட்ட கணக்கும் ஹாங்காங் அடுக்குமாடியில் போட்ட கணக்கும் ஒன்றே.

மூத்தோருக்கான ஊசிப் பேச்சு கொரோனாவோடு முடியவில்லை. இன்ஃபுளுயென்சா, நிமோனியா ஊசிகளை மருத்துவர்கள் 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள்; மத்திய அரசின் வழக்கமான இலவசத் திட்டத்தில் அவை முதியவர்களுக்கு இல்லை, பெரும்பாலும் கைக்காசு போட வேண்டும். தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் 2024இல் பெரியவர்களுக்கு பிசிஜி போடும் ஆய்வும் தொடங்கியது. 60 வயதைக் கடந்தவர்களும் அதில் உண்டு. அவற்றை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவு அவர்களுடையது, பிள்ளைகளுடையது அல்ல. வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்துக்கொண்டு அவரையும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கேள்வியை அவரே கேட்கட்டும். ஊசி போட்டுக்கொண்டால், அடுத்த இரண்டு நாள் யாராவது ஒருவர் கூட இருங்கள்.